பழைய வீடு இறங்கி முடித்துவிட்டது, புது அறை இனிமேல்தான் இறங்கும்

கட்டுமானம்: வாசகர் கேள்வி பதில்

பருவமழை முடிந்ததும் வழக்கமாக எனக்கு வரும் கடிதங்கள் ஒழுகும் மாடியும் பூத்துப்போன சுவரும்தான். இந்த முறை சதுப்பு நிலத்தையும் கழுவெளியையும் (கடலோர உவர்நீர்ச் சதுப்பு) ஒட்டி வீடு வைத்திருப்பவர்கள் நிறையப் பேர் எழுதியிருக்கிறார்கள். கேட்பது ஏறக்குறைய ஒன்றுதான்: இருக்கிற வீட்டோடு ஓர் அறை சேர்க்க வேண்டும், அஸ்திவாரம் எப்படிப் போடுவது? அதனால் இந்த இதழ் முழுக்க அதற்கே. டைல்ஸ், பெயின்ட் பற்றிக் கேட்டவர்கள் அடுத்த மாதம் வரை பொறுத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: அன்புள்ள சார், பள்ளிக்கரணை சதுப்பு நிலத்துக்குப் பக்கத்தில் எங்கள் வீடு. 2003-இல் கட்டியது. தரைத்தளம் மட்டும், கருங்கல் அஸ்திவாரம், செங்கல் சுவர். மாமியாருக்கு முட்டி வலி, ராத்திரியில் கழிப்பறை வரை நடக்க முடியவில்லை. பின்பக்கம் 14-க்கு 16 அடி இடத்தில் ஓர் அறையும் அதோடு சேர்ந்த கழிப்பறையும் கட்ட நினைக்கிறோம். “நாலடி தோண்டி பிசிசி (கம்பி இல்லாத கான்கிரீட்) போட்டு ஃபுட்டிங் (அஸ்திவாரத்தின் அகலமான பாதம்) வைத்தால் போதும்; பழைய சுவரில் துளை போட்டுக் கம்பி சொருகி, கெமிக்கல் ஊற்றிப் புதுச் சுவரோடு பிணைத்துவிட்டால் அசையாது” என்கிறார் மேஸ்திரி. செய்யலாமா? (வாசகி, பள்ளிக்கரணை)

பதில்: மற்றதை அப்புறம் பார்ப்போம். அந்தக் கம்பி சொருகும் வேலையை மட்டும் கண்டிப்பாக வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். மேஸ்திரியைக் குறை சொல்லவில்லை. பல்லாவரம் பக்கத்துப் பாறை மண்ணில் அவர் இப்படி எத்தனையோ வீடுகளைச் சேர்த்திருப்பார். அவையெல்லாம் நன்றாகத்தான் நிற்கும். உங்கள் மண் வேறு.

சதுப்போரக் களிமண்ணில் மண்ணுக்குச் சரியாகத் தண்ணீரும் இருக்கும். அதன் தலையில் எடையை ஏற்றினால் உள்ளே இருக்கும் தண்ணீர் கொஞ்சம் கொஞ்சமாக விலகி, மண் இறுகி, வீடும் கூடவே இறங்கும். மணல் தரையில் இந்த இறக்கம் கட்டி முடிப்பதற்குள் பெரும்பாலும் முடிந்துவிடும். களிமண்ணில் வருஷக்கணக்கில் ஆகும். உங்கள் வீடு 2003-லிருந்து நிற்கிறது, இறங்க வேண்டிய அளவுக்கு ஏறக்குறைய இறங்கி முடித்துவிட்டது. புது அறை இனிமேல்தான் இறங்கப் போகிறது. இரண்டையும் கம்பியால் பிணைத்தால் புதியது பழையதையும் பிடித்து இழுக்கும். அப்போது முதல் வெடிப்பு புது அறையில் வராது. உங்கள் பழைய ஹாலில், ஜன்னல் மூலையிலிருந்து சாய்வாக மேலே ஏறும்.

ஆகவே புது அறை தனிக் கட்டடமாக நிற்கட்டும். அஸ்திவாரத்திலிருந்து கூரைத் தளம் வரைக்கும் இரண்டுக்கும் நடுவே ஓர் அங்குலம், அதாவது 25 மில்லிமீட்டர், இடைவெளி விடுங்கள். பழைய சுவரையே புது அறைக்கும் சுவராக்கிச் செங்கல் காசை மிச்சம் பிடிக்கலாம் என்று யாராவது சொல்வார்கள், கேட்காதீர்கள். கட்டும்போது இடைவெளிக்குள் தெர்மோகோல் தகடு வைத்தால் கலவை உள்ளே விழாது. அப்புறம் அதை எடுத்துவிட்டு, வெளிப்பக்கம் இழுபடும் தன்மையுள்ள சீலன்ட் அடித்து, மேலே அலுமினியப் பட்டை வையுங்கள். பட்டையின் ஒரு பக்கத்துக்கு மட்டும்தான் ஸ்குரூ. இரண்டு பக்கமும் முடுக்கினால் இடைவெளி விட்டதற்கே அர்த்தம் இல்லை.

உள்ளே போக வழி வேண்டுமே? பின்பக்கம் இருக்கும் ஜன்னலைத் தரை வரை இடித்து வாசலாக்குங்கள். அதே அகலத்தில் நிறுத்தினால் மேலே சுவரைத் தாங்கும் லிண்டல் ஏற்கெனவே இருக்கிறது. வாசலில் டைல்ஸை இந்த அறையிலிருந்து அந்த அறைக்கு ஒரே ஓட்டமாக ஒட்ட வேண்டாம், முதல் வருஷமே பெயரும். படிக்கல்லும் வேண்டாம், மாமியாருக்கு அதுதான் தடுக்கும். புதுத் தரையை அரை அங்குலம் உயர்த்தியே போட்டு, நடுவில் அகலமான அலுமினியத் தகட்டைச் சாய்வாக வையுங்கள். அறை இறங்க இறங்கத் தகடு மட்டமாகிவிடும். கழிப்பறைக் குழாய் பழைய வீட்டின் பக்கம் போவதாக இருந்தால், இடைவெளியைத் தாண்டும் இடத்தில் வளைந்து கொடுக்கிற இணைப்பு வேண்டும். சொல்லாவிட்டால் பிளம்பர் நேராகக் குழாய் போட்டு சொல்யூஷன் தடவிவிட்டுப் போய்விடுவார்.

இப்போது மண்ணுக்கு வருவோம். உங்கள் பகுதியில் ஒரு வீட்டின் பின்னால் சோதனைக் குழி தோண்டும்போது கூட நின்று பார்த்திருக்கிறேன். முதல் இரண்டடி செம்மண் கிராவல், பார்க்கக் கெட்டியாகத்தான் இருந்தது. அதன் கீழே உடைந்த செங்கல், டைல்ஸ் துண்டு, பிளாஸ்டிக் பை. மனை விற்றவர் பள்ளத்தை இதைக் கொட்டித்தான் மேடாக்கியிருக்கிறார். ஐந்தடிக்கு மேல் போனதும் கறுப்புக் களிமண். மண்வெட்டியில் ஒட்டிக்கொண்டு விழ மறுத்தது, அழுகிய புல் வாசனை. கையில் எடுத்துப் பிசைந்தால் நடுவே வெள்ளையாகச் சின்னச் சின்னச் சிப்பி. அந்த இடம் எத்தனை காலம் தண்ணீருக்கு அடியில் கிடந்தது என்பதற்கு வேறு பத்திரம் தேவையில்லை. நாலடியில் வைக்கிற ஃபுட்டிங் அங்கே எதன் மேல் உட்கார்ந்திருக்கும் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்: பிளாஸ்டிக் பையின் மேல்.

அந்தக் களிமண் வீங்கிச் சுருங்கும் ரகமா என்று வீட்டிலேயே ஓரளவு பார்த்துவிடலாம். குழியின் அடியிலிருந்து மண் எடுத்து நன்றாக உலர்த்திப் பொடித்து, மிக மெல்லிய சல்லடையில் சலித்துக்கொள்ளுங்கள். அளவுக் கோடு போட்ட ஒரே மாதிரி கண்ணாடிக் குழல் இரண்டு வேண்டும். கல்லூரியில் படிக்கிற பிள்ளை இருந்தால் 100 மில்லி குழல் வாங்கித் தரும். இரண்டிலும் பத்துப் பத்து கிராம் மண். ஒன்றில் தண்ணீர், இன்னொன்றில் மண்ணெண்ணெய். கலக்கிவிட்டு ஒரு நாள் அப்படியே வையுங்கள். மண்ணெண்ணெயில் களிமண் வீங்காது. மறுநாள் தண்ணீர்க் குழலில் மண், மண்ணெண்ணெய்க் குழலில் இருப்பதைப்போல் ஒன்றரை மடங்கு உயரத்தில் நின்றால், அந்த மண் ஐப்பசியில் உங்கள் தரையைத் தூக்கும், சித்திரையில் கைவிடும். ஆய்வகத்தில் செய்வதும் இதே சோதனைதான். 425 மைக்ரான் சல்லடை, அடுப்பில் உலர்த்திய மண் என்று ஒழுங்காகச் செய்வார்கள்.

வீட்டுச் சோதனையை நம்பி அஸ்திவாரம் போட முடியாது. ஒரு போர் போட்டு மண் பரிசோதனை எடுத்துவிடுங்கள். 63.5 கிலோ சுத்தியலை 75 சென்டிமீட்டர் உயரத்திலிருந்து விட்டு, குழாய் 30 சென்டிமீட்டர் இறங்க எத்தனை தட்டு வாங்குகிறது என்று எண்ணுவார்கள். அறிக்கையில் ‘என்’ என்று போட்டிருப்பது அந்த எண்ணிக்கைதான். நல்ல கெட்டி மண் முப்பது, நாற்பது தட்டு கேட்கும். மூன்று, நான்கு என்று எழுதியிருந்தால் அது கொழகொழத்த களி. தனியார் ஆய்வகங்கள் இருக்கின்றன. கிண்டியில் அண்ணா பல்கலைக்கழகத்தின் மண் பொறியியல் பிரிவும் செய்து தருகிறது. ஓர் அறைக்கு இந்தச் செலவா என்று கேட்பீர்கள். பழைய ஹாலின் சுவரைப் பிறகு சரிசெய்ய ஆகும் செலவோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

அறிக்கை வந்த பிறகு கட்டமைப்புப் பொறியாளர் இரண்டு வழிகளில் ஒன்றைச் சொல்லுவார். முதலாவது அண்டர்-ரீம்டு பைல், அதாவது மண்ணுக்குள் இறங்கும், அடி அகன்ற கான்கிரீட் தூண். ரூர்க்கியில் உள்ள மத்தியக் கட்டட ஆராய்ச்சி நிறுவனம் கரிசல் மண்ணுக்காக உருவாக்கிக் கொடுத்தது. கையால் சுற்றும் ஆகரில் துளையிட்டு, அடியில் மட்டும் தண்டின் விட்டத்தைப்போல் இரண்டரை மடங்குக்குக் குடைந்து, கம்பிக் கூடு இறக்கிக் கான்கிரீட் போடுவார்கள். வீங்கும் மண்ணில் குறைந்தது மூன்றரை மீட்டர் ஆழம். வெயிலும் மழையும் மண்ணை அசைப்பது அதற்குக் கீழே அனேகமாகப் போகாது. ஆனால் நிலத்தடி நீருக்குக் கீழே மணல் அல்லது வண்டல் அடுக்கு வந்தால் குடைந்த வாய் இடிந்து விழுந்துவிடும். அங்கே துளையைப் பென்டோனைட் என்ற களிமண் கரைசலால் தாங்கிப் பிடிக்க வேண்டும், இல்லையென்றால் குடையாமல் நேரான பைலை இன்னும் ஆழமாகக் கெட்டி மண் வரை கொண்டுபோக வேண்டும். “எல்லாருக்கும் பன்னிரண்டடிதான் போடுவோம்” என்று சொல்லும் காண்ட்ராக்டரிடம் அறிக்கையை எடுத்து நீட்டுங்கள்.

இரண்டாவது ராஃப்ட், அறை முழுக்க ஒரே பலகையாக அடித்தளம். உங்கள் அளவுக்கு எனக்குப் பிடித்த கணக்கு இது. செங்கல் இல்லாமல் ஏஏசி கல்லில் (உள்ளே காற்றுக் குமிழிகள் கொண்ட இலேசான கான்கிரீட் கல்) கட்டினால்கூட, தளம், சுவர், கூரை எல்லாம் சேர்ந்து உங்கள் அறை ஏறக்குறைய 35 டன் வரும். அதே 14-க்கு 16 அடியில் இரண்டடி மண்ணைத் தோண்டி வெளியே எடுத்தால் 20 டன்னுக்கு மேல் குறைகிறது. கீழே இருக்கும் களிமண்ணைப் பொறுத்தவரை புதிதாக ஏறிய எடை 15 டன்தான். இறக்கமும் அந்த அளவுக்குக் குறையும். விளிம்பிலும் குறுக்கேயும் நல்ல ஆழமான பீம் வேண்டும், வீங்கும் மண் ஒரு மூலையைத் தூக்கினாலும் பலகை வளையாமல் இருப்பதற்கு. ஆனால் குப்பை நிரப்பின் மேல் ராஃப்ட் போடக் கூடாது; நிரப்பு ஆழமாக இருந்தால் பைல்தான்.

செங்கல்லை விட்டு ஏஏசிக்கு நான் மாறச் சொல்வதும் எடைக்காகத்தான். அதே கன அளவில் செங்கல்லின் எடையில் மூன்றில் ஒரு பங்குதான் இருக்கும்.

ஒன்று விட்டுப்போனது. பழைய சுவரை ஒட்டித் தூண் வைக்காதீர்கள். மூன்று, நான்கு அடி தள்ளித் தூணை நிறுத்தி, தரை மட்டத்து விட்டமான பிளிந்த் பீமைப் பழைய சுவர் பக்கம் நீட்டிவிட்டு அதன் நுனியில் சுவரை எழுப்பச் சொல்லுங்கள். அப்போது கருங்கல் அஸ்திவாரத்தின் ஓரத்தில் தோண்டவே வேண்டியதில்லை. தோண்டித்தான் ஆக வேண்டும் என்றால் முழு நீளத்துக்கும் ஒரேயடியாக வேண்டாம்: நாலடி தோண்டி, வேலையை முடித்து மூடிவிட்டு, ஒரு துண்டு விட்டு அடுத்த துண்டு. வேலையைத் தை முதல் வைகாசிக்குள் வைத்துக்கொள்ளுங்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையின்போது வேளச்சேரியில் ஒரு பெரிய கட்டுமானக் குழி சரிந்து உயிரே போனது. உங்கள் குழி சின்னதுதான், ஆனால் மண் அதே மண்.

கேள்வி: பட்டா, பழைய பிளான் அப்ரூவல் எல்லாம் இருக்கிறது. பின்னால் ஒரு சின்ன அறை, அதற்கு எதற்கு அனுமதி, யார் வந்து பார்க்கப் போகிறார்கள் என்கிறார் காண்ட்ராக்டர். சதுப்பு நிலத்தின் எல்லை எங்கள் தெருவிலிருந்து அரை கிலோமீட்டர்கூட இருக்காது. (வாசகர், பெரும்பாக்கம்)

பதில்: யார் வந்து பார்ப்பார்கள் என்பது காண்ட்ராக்டரின் கவலை இல்லை, அவர் தளம் போட்ட மறுநாள் காசை வாங்கிக்கொண்டு போய்விடுவார். நோட்டீஸ் வீட்டு உரிமையாளருக்குத்தான் வரும்.

உங்கள் விஷயத்தில் இரண்டு கட்டுப்பாடுகள் பார்க்க வேண்டும். 2017-ஆம் ஆண்டின் மத்திய அரசு ஈரநில விதிகள், ஈரநிலத்துக்குள் ஆக்கிரமிப்பு, குப்பை கொட்டுதல், வேறு உபயோகத்துக்கு மாற்றுதல் எல்லாவற்றையும் தடுக்கின்றன. அதோடு, கடந்த பத்து ஆண்டுகளில் பார்த்த சராசரி உச்ச வெள்ள மட்டத்திலிருந்து 50 மீட்டருக்குள் படகுத் துறை தவிர வேறு நிரந்தரக் கட்டுமானம் கூடாது என்கின்றன. கவனியுங்கள்: அளப்பது கோடையில் தண்ணீர் நிற்கும் இடத்திலிருந்து இல்லை, வெள்ளம் ஏறும் மட்டத்திலிருந்து. மே மாதத்தில் டேப் பிடித்து அளந்துவிட்டு “எண்பது மீட்டர் இருக்கிறதே” என்று சொல்வதில் பிரயோஜனம் இல்லை.

இரண்டாவது பள்ளிக்கரணைக்கே உரியது. அந்தச் சதுப்பு நிலத்தின் ஒரு பகுதி 2007-இல் காப்புக்காடாக அறிவிக்கப்பட்டது. 2022-இல் ஏறக்குறைய 1,247 ஹெக்டேர், உலக முக்கியத்துவம் உள்ள ஈரநிலங்களின் பட்டியலான ராம்சார் பட்டியலில் சேர்ந்தது. 2025 செப்டம்பரில் தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு, அந்த ராம்சார் எல்லைக்குள்ளும் அதைச் சுற்றி ஒரு கிலோமீட்டருக்குள்ளும், ஆய்வு முடியும் வரை கட்டட அனுமதி கொடுக்கக் கூடாது என்று சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமத்துக்கு (சிஎம்டிஏ) உத்தரவிட்டது. உங்கள் அரை கிலோமீட்டர் அதற்குள் வருகிறது. இந்த மாதிரி உத்தரவுகள் விசாரணைக்கு விசாரணை மாறக்கூடியவை. அதனால் பத்திரிகையில் நான் எழுதுவதை வைத்தோ பக்கத்து வீட்டுக்காரர் கட்டியதை வைத்தோ முடிவு செய்யாதீர்கள். சர்வே எண்ணைப் போட்டு, சிஎம்டிஏ-வில் எழுத்துமூலம் கேட்டு, எழுத்துமூலம் பதில் வாங்குங்கள். அதுவரை முன்பணம் கொடுக்க வேண்டாம்.

சுயசான்று முறையில் ஆன்லைனில் உடனே கிடைக்குமே என்றும் ஒரு வரி எழுதியிருந்தீர்கள். சின்ன வீடுகளுக்கு 2024-இல் வந்த நல்ல வசதிதான் அது. ஆனால் அதில் ‘சான்று’ தருவது நீங்கள். இடம் சிக்கலானது என்று பிறகு தெரிந்தால் பொய்ச் சான்று கொடுத்தவரும் நீங்கள்தான்.

கேள்வி: எங்கள் ஊர் மரக்காணம் பக்கம், கழுவெளி ஓரம். சமையலறையை நீட்ட ஃபுட்டிங் குழி தோண்டினோம். மூன்றடியிலேயே ஊற்று. தண்ணீரை இறைக்க வேண்டாம், சிமென்ட், மணல், ஜல்லியை உலர்வாகக் கலந்து கொட்டினால் அதுவே தண்ணீரை இழுத்துக்கொண்டு இறுகிவிடும் என்கிறார் கொத்தனார். கலவைக்கு எங்கள் போர் தண்ணீரைத்தான் எடுக்கப் போகிறோம், கொஞ்சம் உப்பு. பரவாயில்லையா? (வாசகர், மரக்காணம்)

பதில்: இரண்டுமே பரவாயில்லை இல்லை.

உலர் கலவையைத் தண்ணீருக்குள் கொட்டினால் ஜல்லி அடியில் போய் உட்காரும், மணல் அதன் மேல், சிமென்ட் பால் மாதிரி கரைந்து மேலே மிதக்கும். நான்கு நாள் கழித்து மேலே தட்டிப் பார்த்தால் கெட்டியாகத்தான் இருக்கும். அது சிமென்ட் படிந்த மேல்தோல். உள்ளே ஜல்லிக்கும் ஜல்லிக்கும் ஒட்டே இருக்காது.

செய்ய வேண்டியது இது: குழியின் ஒரு மூலையில், ஃபுட்டிங் வரும் இடத்துக்கு வெளியே, ஓரடி கூடுதல் ஆழத்தில் ஒரு சின்னக் குழி. அதில் கூடை அல்லது ஓட்டை போட்ட டிரம்மை இறக்கிச் சுற்றிலும் ஜல்லி கொட்டுங்கள். மோட்டாரின் உறிஞ்சு குழாய் அந்த டிரம்முக்குள் இருக்க வேண்டும். நேராகச் சேற்றில் விட்டால் மண்ணையும் சேர்த்து இழுக்கும், பக்கத்தில் இருக்கிற பழைய சமையலறையின் அடிமண்தான் போகும். வெளியே வரும் தண்ணீர் கலங்கலாக வந்தால் உடனே நிறுத்துங்கள். தெளிவாக வந்தால் சரி. அதையும் நேராகக் கழுவெளிக்குள் விடாமல், ஒரு பள்ளத்தில் தேக்கி வண்டல் படிந்த பிறகு வெளியேற்றுங்கள். 2024-இல் ராம்சார் பட்டியலில் சேர்ந்த இடம் அது; பறவைக்கும் நல்லது, வனத்துறையோடு உங்களுக்கும் வம்பு வராது. கான்கிரீட் போட்ட பிறகும் இறுகும் வரை மோட்டார் ஓடட்டும். டீசல் தீர்ந்துவிட்டது என்று ராத்திரி நிறுத்தினால் ஊற்று பச்சைக் கான்கிரீட்டின் வழியாகவே ஏறி வரும்.

அப்புறம் உப்பு. உங்கள் ஊரில் உப்பளமே இருக்கிறது. போர் தண்ணீர் ‘கொஞ்சம்’ உப்பு என்பதை நாக்கு முடிவு செய்யக் கூடாது. கம்பி போட்ட கான்கிரீட்டுக்குக் கலக்கும் தண்ணீரில் குளோரைடு லிட்டருக்கு 500 மில்லிகிராம், சல்பேட் 400 மில்லிகிராம் தாண்டக் கூடாது, பிஎச் 6-க்குக் குறையக் கூடாது என்பது கான்கிரீட்டுக்கான இந்தியத் தரநிலை ஐஎஸ் 456 விதி. ஒரு சுத்தமான பாட்டிலில் தண்ணீர் பிடித்து, குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகத்தில் கொடுத்தால் சொல்லிவிடுவார்கள். தாண்டினால் லாரி தண்ணீர் வாங்குங்கள். நீராற்றுவதற்கும் அதே நல்ல தண்ணீர்தான். கலவைக்கு நல்ல தண்ணீர் வாங்கிவிட்டு, பத்து நாள் உப்புத் தண்ணீரைக் கட்டி வைக்கிறவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

உப்பு வெளியிலிருந்தும் வரும், நிலத்தடி நீர் வழியாக. அதைத் தடுப்பது கான்கிரீட்டின் அடர்த்தி. உங்கள் இடத்துக்கு எம்30 வலிமைத் தரத்துக்குக் குறையாமல் போடுங்கள். தண்ணீர் சிமென்ட் எடையில் 0.45 பங்குக்கு மேல் போகக் கூடாது. கொத்தனார் பாஷையில் சொன்னால் ஒரு மூட்டைக்கு இருபத்திரண்டரை லிட்டர், அதுவும் மணலில் இருக்கும் ஈரத்தையும் சேர்த்து. அவ்வளவு குறைவாகத் தண்ணீர் விட்டால் கலவை ஓடாது என்பார்; ஓட வைக்க பிளாஸ்டிசைசர் இருக்கிறது, மூட்டைக்குச் சில நூறு மில்லி போதும். அதோடு வைப்ரேட்டர் கட்டாயம், கம்பியால் குத்துவது போதாது. சிமென்ட்டில் பிஎஸ்சி என்கிற கசடு சிமென்ட் கிடைத்தால் அதை எடுங்கள், உப்பை உள்ளே விடுவதில் அது கறார்.

ஃபுட்டிங் கம்பிக்கு அடியிலும் பக்கத்திலும் இரண்டு அங்குல கவர், அதாவது கம்பியை மூடும் கான்கிரீட். கம்பியின் கீழே உடைந்த ஜல்லியையும் மரத்துண்டையும் சொருகுவார்கள். அதை எடுத்துவிட்டு கான்கிரீட் கவர் பிளாக் வைக்கச் சொல்லி, கான்கிரீட் விழுவதற்கு முன் நீங்களே குனிந்து பாருங்கள். இந்த ஒரு வேலையை யாரிடமும் விடாதீர்கள்.

கேள்வி: வெள்ளத்தில் வீட்டுக்குள் தண்ணீர் வந்துவிட்டது. புதிதாகக் கட்டும் பகுதியை ஒரு மீட்டர் மண் கொட்டி உயர்த்திக் கட்டலாம் என்று இருக்கிறேன். இடிபாட்டு மண் மலிவாகக் கிடைக்கிறது. (வாசகர், நாராயணபுரம்)

பதில்: தண்ணீருக்கு மேல் இருக்க வேண்டும் என்ற உங்கள் எண்ணம் சரி. 2015-லும் 2023-லும் உங்கள் தெருவில் தண்ணீர் எதுவரை நின்றது என்று பக்கத்து காம்பவுண்டு சுவர்களில் கறை பார்த்து, அதில் உயரமானதற்கு மேல் தரையை வையுங்கள். ஆனால் மண் கொட்டி உயர்த்துவதில் ஒரு கணக்கு இருக்கிறது, யாரும் போட்டுப் பார்ப்பதில்லை.

ஒரு மீட்டர் உயரத்துக்குக் கொட்டி இறுக்கிய மண் ஒரு சதுர மீட்டருக்கு 1.8 டன் எடை. மேலே அந்த பள்ளிக்கரணை அறைக்குச் சொன்னேனே, 35 டன்? அதே அளவு இடத்துக்கு ஒரு மீட்டர் மண் கொட்டினால் 37 டன். ஒரு தளம் கட்டுவதற்கு முன்பே அதற்குக் கீழே இன்னொரு தளத்தின் எடையை வைத்துவிடுகிறீர்கள். நீங்கள் பைல் போட்டிருந்தாலும் தப்பில்லை என்று நினைக்காதீர்கள்: களிமண் அந்த எடையில் இறங்கும்போது பைலையும் பக்கவாட்டில் பிடித்துக் கீழே இழுக்கும். பக்கத்தில் நிற்கும் உங்கள் பழைய வீட்டின் ஓரமும் சேர்ந்து இறங்கும். இடிபாட்டு மண் என்றால் இன்னும் மோசம், அதற்குள் என்ன இருக்கிறது என்று கொட்டியவனுக்கே தெரியாது. உங்களிடம் தடுத்த தண்ணீர் எதிர் வீட்டுக்குப் போகும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். தெற்குச் சென்னையின் பல ஏரிகளின் உபரி நீர் பள்ளிக்கரணைக்கு வந்து, ஒக்கியம் மடுவு வழியாகத்தான் பக்கிங்காம் கால்வாய்க்குப் போக வேண்டும். வழியில் ஒவ்வொரு மனையும் ஒரு மீட்டர் ஏறினால் தண்ணீர் எங்கே நிற்கும்?

மண்ணே கொட்டாமல் உயரலாம். பைல், அதன் மேல் குட்டைத் தூண், தூண்களின் மேல் பீம், பீமின் மேல் ஐந்து அங்குலத் தரைத்தளம். கூரைக்குப் போடுவது மாதிரியே தரைக்கும் ஒரு ஸ்லாப். கீழே காலி. வெள்ளம் வந்தால் அடியில் புகுந்து வெளியேறும். சென்ட்ரிங் பலகையை எடுக்க ஆள் நுழைய இடம் வேண்டுமே என்பார்கள். மூன்றடி இருந்தால் ஆள் தவழ்ந்து போய் எடுத்துவிடுவார். வெளியே தெரியும் பக்கத்தில் இரும்பு வலை அடித்துவிடுங்கள், பாம்புக்காக. செலவு? மண்ணும் அதை இறுக்கும் கூலியும் மிச்சம், ஸ்லாப் கம்பியும் கான்கிரீட்டும் கூடுதல். கையைவிட்டுக் கொஞ்சம் கூடுதலாகத்தான் போகும், மறைக்கவில்லை.

கேள்வி: புது அறை கட்டும்போதே பின்னால் 6-க்கு 5 அடியில் ஐந்தடி ஆழத் தண்ணீர்த் தொட்டியும் போட்டுவிட்டோம். போன ஐப்பசியில் கழுவலாம் என்று காலி செய்தோம். காலையில் பார்த்தால் தொட்டி ஒரு பக்கம் நாலு விரல் மேலே வந்திருக்கிறது, குழாய் முறிந்துவிட்டது. பேய் வேலையா சார்? (வாசகி, மேடவாக்கம்)

பதில்: பேய்க்கு அவ்வளவு பலம் இல்லை அம்மா. உங்கள் தொட்டியின் உள்ளளவு 4,200 லிட்டருக்குக் கொஞ்சம் மேல். சுற்றிலும் நிலத்தடி நீர் தரை மட்டத்துக்கு ஏறி நிற்கும்போது அது காலித் தொட்டியை 4 டன்னுக்கு மேல் விசையோடு மேலே தள்ளும். சுவரும் அடித்தளமும் சேர்ந்து அதைவிட எடை குறைவு என்றால் படகு மாதிரி கிளம்பத்தான் செய்யும். செப்டிக் டேங்க்கும் இப்படித்தான். மழைக்காலத்தில் லாரி வைத்து ஒட்ட உறிஞ்சி எடுத்துவிட்டு, மறுநாள் மூடி வெடித்திருக்கிறது என்று வருவார்கள்.

இப்போதைக்குத் தொட்டியை நிரப்பி வையுங்கள். தண்ணீர் இறங்கும் மாசி, பங்குனியில் காலி செய்து, அடியில் வெற்றிடம் இருக்கிறதா என்று தட்டிப் பார்த்து, இருந்தால் சிமென்ட் பால் செலுத்தி அடைக்கச் சொல்லுங்கள். பிறகு சுற்றிலும் அடித்தளத்தை ஓரடி வெளியே நீட்டி, பழைய தளத்தோடு கம்பி பிணைத்துக் கான்கிரீட் போட்டால், அந்த நீட்டலின் மேல் உட்காரும் மண்ணே தொட்டியை அமுக்கிப் பிடிக்கும். ஆமாம், இங்கே கம்பி பிணைக்கலாம். இது ஒரே கட்டடம். முறிந்த குழாய்க்கு வளையும் இணைப்பு போடுங்கள். கழுவுவதைக் கோடையில் வைத்துக்கொள்ளுங்கள்.